டொல்பினும் நமது டூனாவும்: வலையை இரண்டு மீற்றர் இறக்கினால் யாருக்கு நட்டம்?

மீன் வியாபாரம் செய்பவர்கள் டொல்பினைப் பற்றிப் பேசுவதில்லை. அது நமது சரக்கு அல்ல. அதைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இன்று நமது கெலவல்லாவுக்கும் பலயாவுக்கும் எந்த நாட்டின் கதவு திறக்கும், எந்த நாட்டின் கதவு மூடும் என்பதைத் தீர்மானிக்கும் காரணங்களில் ஒன்றாக அந்த டொல்பின் வந்து நிற்கின்றது. எனவே இந்த வாரம் அதைப் பற்றி நமது வர்த்தகச் சகோதரர்களுடன் கொஞ்சம் மனம் விட்டுப் பேசலாம் என நினைக்கின்றேன்.

விடயம் இதுதான். ஐக்கிய அமெரிக்காவில் 1972 ஆம் ஆண்டு முதல் கடல்வாழ் பாலூட்டிகளைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்று உள்ளது. திமிங்கிலம், டொல்பின், கடற்பசு, சீல் போன்றவை யாவும் இதில் அடங்கும். அமெரிக்க மீனவர்களுக்கு விதிக்கப்பட்டுள்ள அளவை விட அதிகமாக இப்பிராணிகளைக் கொல்லும் முறையில் பிடிக்கப்பட்ட மீனை வெளிநாடுகளிலிருந்து வாங்கக் கூடாது என்றும் அச்சட்டம் சொல்கின்றது. பல வருடங்களாக அந்தப் பிரிவு பெரும்பாலும் கடதாசியில் மட்டுமே இருந்தது. 2016 ஓகஸ்டில்தான் அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வெளியாகின. ஐந்து வருடத் தவணை கொடுத்தார்கள். பின்னர் அந்தத் தவணையைத் திரும்பத் திரும்ப நீடித்தார்கள். இறுதியில் 2025 செப்டெம்பரில் முடிவு வந்தது. 135 அளவிலான நாடுகளின் சுமார் 2,500 மீன்பிடி முறைகளைப் பரிசீலித்து, 46 நாடுகளைச் சேர்ந்த 240 மீன்பிடி முறைகளுக்கு அனுமதி மறுத்தார்கள். 2026 ஜனவரி 1 முதல் அந்த மீனுக்கு இறக்குமதித் தடை என்றும் அறிவித்தார்கள்.

இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய முக்கியமான ஒன்று உண்டு. இந்தத் தீர்ப்பு நாட்டுக்கு ஒன்று என்று கொடுக்கப்படவில்லை. நாடு, மீன், கடற்பகுதி, பிடிக்கும் கருவி என்று பிரித்துப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஒரே நாட்டில் தூண்டிலில் பிடித்த மீன் போகலாம், வலையில் பிடித்த அதே மீன் போக முடியாது. ஒரு பகுதி மறுக்கப்பட்ட நாட்டிலிருந்து போகும் சரக்கு, மறுக்கப்பட்ட வலையில் பிடித்ததல்ல என்று காட்டும் சான்றிதழுடன் போக வேண்டும். இதுவரை கொள்வனவு செய்யும்போது நாம் பார்த்தது மீனின் நிறையையும் நிறத்தையும் ஐஸ் எப்படி என்பதையும்தான். இனி "இது எந்தக் கருவியில் பிடித்தது?" என்ற கேள்வியும் விலையோடு சேரும்.

மெக்சிக்கோ படித்த பாடம்

"இதெல்லாம் வெள்ளைக்காரனின் சூழ்ச்சி, தன் மீனவனைக் காப்பாற்ற நம் மீனைத் தடுக்கிறான்" என்று பலர் சொல்வதைக் கேட்கின்றேன். இதில் கொஞ்சம் உண்மை இல்லாமலும் இல்லை. வரலாற்றைப் பார்த்தால், டொல்பினை அதிகமாகக் கொன்றவர்களில் முன்வரிசையில் நின்றது அமெரிக்கக் கப்பல்களே.

பசுபிக் சமுத்திரத்தின் கிழக்குப் பகுதியில் கெலவல்லா மீன்கூட்டம் டொல்பின் கூட்டத்தின் கீழே சேர்ந்தே நீந்தும். 1950 களின் இறுதியிலிருந்து அங்குள்ள கப்பல்கள், மேலே தெரியும் டொல்பினைத் துரத்திச் சென்று, அதைச் சுற்றிச் சுருக்கு வலையை இறக்கிக் கீழேயுள்ள டூனாவை அள்ளின. டொல்பின்கள் வலையில் சிக்கி மூச்சுத்திணறி இறந்தன. இவ்வாறு அங்கு இறந்தவை 60 இலட்சத்துக்கும் அதிகம் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. 1980 களின் கடைசியில் இந்தக் காட்சியைப் படமெடுத்துத் தொலைக்காட்சியில் காட்டியபோது அமெரிக்க மக்கள் கொதித்தெழுந்தார்கள். டின் மீன் வாங்குவதை நிறுத்தும் இயக்கம் தொடங்கியது. 1990 ஏப்ரலில் ஸ்டார்கிஸ்ட் உட்பட அங்குள்ள மூன்று பெரிய டின் மீன் கொம்பனிகளும், டொல்பினைத் துரத்திப் பிடித்த டூனாவை இனி வாங்க மாட்டோம் என அறிவித்தன. 'டொல்பின் சேஃப்' என்ற சிறிய லேபல் அதன் பின்னர்தான் டின்களில் ஒட்டப்பட்டது.

அதனால் மெக்சிக்கோவின் டூனாவுக்கு அமெரிக்கச் சந்தை மூடியது. மெக்சிக்கோ சர்வதேச வர்த்தக நீதிக்குப் போனது. 1991 இல் காட் அமைப்பின் குழு மெக்சிக்கோவுக்குச் சார்பாகவே அறிக்கை கொடுத்தது. ஆனால் அந்த அறிக்கை ஏற்றுக்கொள்ளப்படவே இல்லை. பின்னர் 2008 இல் உலக வர்த்தக அமைப்பில் லேபல் பற்றி மீண்டும் வழக்கு. இடையில் மெக்சிக்கோ வென்றது, அமெரிக்கா விதியை மாற்றியது, மீண்டும் வழக்கு நடந்தது. 2018 டிசெம்பரில் இறுதியாக அமெரிக்காவுக்கே தீர்ப்புக் கிடைத்தது. கணக்குப் பாருங்கள், முதல் வழக்கிலிருந்து சுமார் 27 வருடங்கள்! ஒரு வியாபாரியின் முழு ஆயுள்காலத் தொழில் அது.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டியது என்ன? நியாயம் நம் பக்கம் இருக்கலாம். வழக்கில் கூட வெல்லலாம். ஆனால் வாங்குபவன் வாங்க மாட்டேன் என்றால் அந்தத் தீர்ப்பை வைத்துச் சரக்கை விற்க முடியாது.

அதே கடலில் இன்னொரு பாடமும் உண்டு. டூனா பிடிப்பதை அங்கு யாரும் நிறுத்தவில்லை. கப்பல் தலைவர்களே வழி கண்டுபிடித்தார்கள். வலையின் மேல் விளிம்பில் டொல்பினின் மூக்கும் துடுப்பும் சிக்காத சிறிய கண்ணுள்ள வலைத்துண்டைச் சேர்த்தார்கள். அந்தத் துண்டு அதைக் கண்டுபிடித்த மெடினா என்ற கப்பல் தலைவரின் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. வலை பாதி இழுக்கப்பட்டதும் கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தி, வலையின் விளிம்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, டொல்பின்களை வெளியே விட்டார்கள். 1990 களில் நாடுகளுக்கிடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஒவ்வொரு பெரிய கப்பலிலும் ஒரு கண்காணிப்பாளர் ஏறினார். ஒவ்வொரு கப்பலுக்கும் வருடத்துக்கு இத்தனைதான் என்று அளவு கொடுக்கப்பட்டது. அந்த அளவைத் தாண்டினால் அந்தக் கப்பல் அந்த வருடம் டொல்பின் கூட்டத்தின் மேல் வலை போட முடியாது. 1986 இல் வருடத்துக்கு ஒரு இலட்சத்துக்கு மேல் இறந்த இடத்தில், 1990 களின் இறுதியிலேயே அது 3,000 க்கும் கீழே இறங்கியது. தன் பைக்குள் கைவைக்கும் விதி ஒன்று வந்தால் மனிதன் எவ்வளவு வேகமாகத் திறமைசாலி ஆகிறான் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நமது கடலில் நடப்பது

நமது பிரச்சினை சுருக்கு வலை அல்ல. நமது ஆழ்கடல் படகுகள் மாலையில் கடலில் விட்டு விடியற்காலையில் இழுக்கும் நைலோன் செவுள் வலைதான் இங்கு பிரச்சினை. மெல்லிய நைலோன் நூல் இருட்டில் டொல்பினின் கண்ணுக்கும் படாது, அது எழுப்பும் ஒலிக்கும் சரியாக எதிரொலிக்காது. டொல்பின் மீன் அல்ல, நம்மைப் போல மூச்சு விடும் பிராணி. வலையில் சுற்றிக்கொண்டால் மேலே வர முடியாமல் சில நிமிடங்களில் முடிந்து விடும். வலையை இழுக்கும்போது கிடைப்பது உடல் மட்டுமே. சுருக்கு வலையில் போலத் திறந்து விடுவதற்கு இங்கு சந்தர்ப்பம் இல்லை.

2020 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, 1950 முதல் 2018 வரை இந்து சமுத்திரத்தில் டூனாவுக்குப் போட்ட செவுள் வலைகளில் சுமார் 41 இலட்சம் டொல்பின், சிறு திமிங்கில வகைகள் பிடிபட்டிருக்கலாம் என மதிப்பிட்டது. 2004 முதல் 2006 வரையான காலத்தில் அது உச்சத்தில் இருந்தது, வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம். அதன் பிறகு குறைந்தது. ஆனால் சந்தோஷப்பட வேண்டாம். வலை குறைந்ததால் அது குறையவில்லை, டூனாப் பிடிப்பு கூடிக்கொண்டே போன காலம் அது. கடலில் மிச்சமிருப்பது குறைந்ததால்தான் பிடிபடுவதும் குறைந்தது என்பதே ஆய்வாளர்களின் கருத்து. 1980 க்கு முன்பிருந்ததில் சுமார் 13 வீதமே இப்போது இருக்கலாம் என்கிறார்கள். அதிகம் பிடிபடும் நாடுகளாக அவர்கள் சொல்லும் பட்டியலில் ஈரான், இந்தோனேசியா, இந்தியா, பாகிஸ்தான் ஆகியவற்றுடன் இலங்கையின் பெயரும் உள்ளது.

நான் வலை, கயிறு, மிதவை விற்பவன். முப்பது வருடத்துக்கு மேலாகக் கல்முனைப் பக்கத்துப் படகுக்காரர்கள் என் கடைக்கு வந்து போகிறார்கள். டொல்பினைப் பிடிக்கத்தான் வலை போடுகிறேன் என்று சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை. "டொல்பின் வலையில விழுந்தா அது வருமானம் இல்ல காக்கா, செலவு" என்றுதான் சொல்வார்கள். உண்மைதான். ஒரு டொல்பின் புரண்டால் வலையின் பல பாகம் கிழிந்து போகும். அதைப் பிரித்தெடுக்க ஆட்களின் நேரம் போகும். திரும்ப வந்து என் கடையில் கடனுக்கு வலை எடுக்க வேண்டும். எனவே டொல்பின் சிக்காமலிருப்பது முதலில் மீனவனுக்கே இலாபம்.

பாகிஸ்தான் மீனவர்கள் செய்தது

இதற்கு மருந்து இருக்கிறதா? இருக்கின்றது. அதுவும் பக்கத்துக் கடலிலேயே சோதித்துப் பார்த்த மருந்து.

பாகிஸ்தானின் டூனாப் படகுகளும் நம்மைப் போலச் செவுள் வலைதான் போடுகின்றன. அங்கு 2012 ஆம் ஆண்டிலிருந்து உலக வனஜீவராசிகள் நிதியத்தின் பாகிஸ்தான் கிளை, படகோட்டிகளையே பயிற்றுவித்து, ஒவ்வொரு பயணத்திலும் என்ன விழுந்தது என்று அவர்களே எழுத வைத்தது. பின்னர் ஒரு சிறிய மாற்றத்தைச் செய்து பார்த்தார்கள். மிதவைக்கும் வலையின் மேல் கயிற்றுக்கும் இடையில் நீளமான கயிறு கட்டி, வலையின் தலைப்பு கடல் மட்டத்திலிருந்து இரண்டு மீற்றர் கீழே நிற்கும்படி செய்தார்கள். அவ்வளவுதான். வலை அதே வலை, படகு அதே படகு. டொல்பின் பிடிபடுவது நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்தது. டூனாப் பிடிப்பு சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்தது.

வேறு வழிகளும் உண்டு. ஒலி எழுப்பி டொல்பினை எச்சரிக்கும் சிறிய கருவியை வலையில் கட்டுவது அமெரிக்காவில் 1990 களிலேயே நல்ல பலன் தந்தது. பேரு நாட்டின் சிறு மீனவர்கள் வலையில் பச்சை நிற எல்.ஈ.டி. விளக்குகளைக் கட்டியபோது சிறு டொல்பின் வகைகள் சிக்குவது 70 வீதமளவில் குறைந்தது. ஆனால் இரண்டிற்கும் பற்றரி வேண்டும், இறக்குமதி வேண்டும், டொலர் வேண்டும். கிலோ மீற்றர் கணக்கில் வலை போடும் நமது படகுக்கு எத்தனை கருவி வாங்குவது? கயிறு என்றால் அது என் கடையிலும் உண்டு, பக்கத்துக் கடையிலும் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது நாம் விரும்பினால் செய்யும் விடயமும் அல்ல. இலங்கை உறுப்பினராக உள்ள இந்து சமுத்திர டூனா ஆணைக்குழு, செவுள் வலைகளை 2023 க்குள் மேற்பரப்பிலிருந்து இரண்டு மீற்றர் ஆழத்தில் போட வேண்டும் என 2019 இலேயே தீர்மானம் எடுத்து விட்டது. இரண்டரைக் கிலோ மீற்றருக்கு மேற்பட்ட மிதவை வலைகளுக்கு ஆழ்கடலில் ஐக்கிய நாடுகள் சபையின் தடை 1992 இன் முடிவிலிருந்தே இருக்கின்றது.

அந்தப் பத்தில் ஒரு பங்கை யார் கொடுப்பது?

இங்கேதான் நான் நமது முதலாளிமாருடன் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியுள்ளது.

பிடிப்பு பத்தில் ஒரு பங்கு குறையும் என்றால் அது யாருடைய பங்கு? ஒரு பேச்சுக்கு, ஆயிரம் கிலோ கொண்டு வந்த படகு தொள்ளாயிரம் கிலோ கொண்டு வருகிறது. எண்ணெய்ச் செலவு அதேதான். ஐஸ் அதேதான். சாப்பாட்டுச் சாமான் அதேதான். செலவு கழித்து மிஞ்சுவதைத்தான் படகு முதலாளியும் ஆட்களும் பங்கு போடுகிறார்கள். எனவே மொத்தத்தில் பத்து வீதம் குறைந்தால், மிச்சத்தில் அதை விட அதிகமாகக் குறையும். கடலுக்குப் போன ஏழையின் கைக்கு வருவது இன்னும் குறையும். அவன் கரைக்கு வந்ததும் முற்பணம் கொடுத்த வியாபாரியிடம்தான் மீனைக் கொடுக்க வேண்டும், அவர் சொன்ன விலைக்கு.

இந்த நிலைமையில் அவனிடம் போய் "டொல்பின் பாவம், வலையை இறக்கு" என்று சொன்னால் அவன் ஏன் கேட்க வேண்டும்? அமெரிக்கச் சந்தை திறந்திருப்பதால் அதிக இலாபம் எடுப்பவன் ஏற்றுமதியாளன். அடுத்தது இடையில் நிற்கும் கொள்வனவாளன். அதற்கடுத்தது என்னைப் போன்ற கருவி வியாபாரி. சந்தை மூடினால் முதலில் விலை விழுவது மட்டும் மீனவனுக்கு. இலாபத்தில் கீழே நிற்பவன் செலவில் மேலே நிற்பது வியாபார நியாயம் ஆகாது. அந்தப் பத்தில் ஒரு பங்கை ஏற்றுமதியாளரும் கொள்வனவாளரும் விலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே எனது கருத்து. அதைத் தர்மம் என்று நினைக்க வேண்டாம். சந்தைக்குக் கட்டும் காப்புறுதிப் பணம் என்று நினைத்தால் போதும்.

காப்புறுதி இல்லாமல் இருந்ததால் என்ன நடந்தது என்பது நமக்கு மறக்கவில்லை. 2013 இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கையிலிருந்து 7,400 தொன் மீன் வாங்கியது, பெறுமதி 74 மில்லியன் யூரோ. புதிய, குளிரூட்டிய டூனாவிலும் வாள்மீனிலும் நாம் அவர்களுக்கு இரண்டாவது பெரிய விற்பனையாளர். சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2014 ஒக்டோபரில் தடையை அறிவித்தார்கள், 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகுதான் படகுகளுக்குச் செய்மதிக் கருவி, லொக் புத்தகம், கடும் தண்டப்பணம் எல்லாம் அவசர அவசரமாக வந்தன. 2016 ஜூனில் தடை நீங்கியது. செய்த வேலையை முன்பே செய்திருந்தால் அந்த ஒன்றரை வருட வியாபாரம் நம் கையில் இருந்திருக்கும். நியூசிலாந்து போன்ற ஒழுங்கான நாட்டுக்கே, அதன் மேற்குக் கரையிலுள்ள அரிய மாவுயி டொல்பினின் பெயரால் 2022 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று சில மீன்களுக்குத் தடை போட்டது என்றால், நமக்குச் சலுகை காட்டுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

செய்யக்கூடியவை

எனது சிற்றறிவுக்கு எட்டிய சில யோசனைகளைச் சொல்கின்றேன்.

ஒன்று, முற்பணம் கொடுக்கும் வியாபாரிகள் அதனுடன் இரண்டு மீற்றர் கயிற்றையும் சேர்த்துக் கொடுக்கட்டும். அதைக் கடன் கணக்கில் எழுத வேண்டாம். ஒரு படகின் வருடக் கொள்வனவோடு ஒப்பிட்டால் அந்தக் கயிறு ஒரு செலவே அல்ல.

இரண்டு, தூண்டிலில் பிடித்த மீனுக்கும் இறக்கிய வலையில் பிடித்த மீனுக்கும் கிலோவுக்கு ஒரு சிறு தொகையாவது கூட்டிக் கொடுக்க வேண்டும். படகோட்டியைப் பிரசங்கத்தால் திருத்த முடியாது, தராசால் திருத்தலாம்.

மூன்று, கருவி விற்கும் நாங்கள் வலையை விற்கும்போதே மிதவைக் கயிற்றைச் சரியான நீளத்தில் வெட்டிக் கட்டிக் கொடுக்க வேண்டும். கேட்டால் தருவோம் என்று இருக்கக் கூடாது.

நான்கு, இது கடற்றொழில் திணைக்களத்துக்கு. டொல்பின் தற்செயலாக விழுந்தது என்று லொக் புத்தகத்தில் உண்மை எழுதுபவன் பயப்படத் தேவையில்லை என்பதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும். இன்று மீனவன் எழுதினால் வழக்கு வருமோ என்று பயந்து உடலைக் கடலில் தள்ளிவிட்டு மௌனமாக வருகிறான். புத்தகம் வெறுமையாக இருக்கின்றது. வெறுமையான புத்தகத்தைப் பார்த்து வெளிநாட்டான் டொல்பின் சாகவில்லை என்று நினைக்க மாட்டான், மறைக்கிறார்கள் என்றே நினைப்பான். வேண்டுமென்று கொன்று இறைச்சிக்கும் தூண்டில் இரைக்கும் எடுப்பவன் வேறு, தற்செயலாக விழுந்ததை எழுதுபவன் வேறு. முதலாமவனுக்குத் தண்டனை கொடுங்கள், இரண்டாமவனுக்கு நன்றி சொல்லுங்கள்.

ஐந்து, அமெரிக்காவுக்கு அனுப்பும் ஒவ்வொருவரும் தமது சரக்கு எந்த மீன், எந்தக் கருவி என்று அந்நாட்டின் பட்டியலோடு ஒப்பிட்டு வைத்திருக்க வேண்டும். நண்டு வியாபாரிகளும் இது டூனாக்காரர்களின் பிரச்சினை என்று இருந்துவிட வேண்டாம். புத்தளம், மன்னார்ப் பக்கத்தில் அடியில் போடும் வலைகள் கடற்பசு மேயும் இடங்களுக்குப் பக்கத்தில்தான் கிடக்கின்றன.

கடைசியாக ஒன்று. கற்பிட்டியிலும் மிரிஸ்ஸவிலும் திருகோணமலையிலும் டொல்பினையும் திமிங்கிலத்தையும் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை நம்பி எத்தனை படகு, எத்தனை வேன், எத்தனை சாப்பாட்டுக் கடை ஓடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். வலையில் செத்த டொல்பினால் யாருக்கும் ஒரு சதம் இல்லை. உயிரோடு துள்ளும் டொல்பினால் நாளைக்கும் வியாபாரம், நாளை மறுநாளும் வியாபாரம். மெக்சிக்கோவின் கலிபோர்னியா வளைகுடாவில் வாக்கிட்டா என்ற சின்னஞ்சிறு கடற்பிராணி செவுள் வலையில் சிக்கிச் சிக்கி, 1997 இல் அறுநூறுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது, இப்போது பத்தளவில் வந்து நிற்கின்றது. 2018 இல் அந்த வளைகுடாவின் மேற்பகுதியில் செவுள் வலையில் பிடித்த இறால் உட்படப் பல மீனுக்கு அமெரிக்கா தடை போட்டது. பிராணியும் போனது, சந்தையும் போனது. அங்கு வலை விற்றவனுக்கும் மீன் வாங்கியவனுக்கும் இறுதியில் மிஞ்சியது என்ன?

நமக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. தேவைப்படுவது இரண்டு மீற்றர் கயிறும், அதன் செலவை யார் ஏற்பது என்பதில் ஒரு நேர்மையான முடிவும்தான். கயிறு எங்கள் கடைகளில் தாராளமாக இருக்கின்றது. அந்த முடிவை எடுக்க வேண்டியவர்கள் இந்தப் பத்தியை வாசிக்கும் முதலாளிமார்களே.